குளுக்கோஸ் ஏற்றும் முன் பொட்டாசியம் பாருங்கள்

போன வாரம் வாழப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். என்னோடு வேலை செய்கிறவரின் உறவுக்காரர். காலையில் எழுந்தபோது இரண்டு காலும் வரவில்லையாம். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினார்களாம், அப்புறம் கையும் சேர்ந்து போய்விட்டதாம். கேட்கக் கேட்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்படியே எனக்கு நடந்ததுதான். ரத்தத்தில் பொட்டாசியம் விழுந்து கை கால் வராமல் போகிற இப்படி ஒரு நோய் இருக்கிறது என்று யாராவது முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், முப்பதாயிரத்தைத் தொட்ட செலவும், இனி ஆயுசுக்கும் படுக்கைதான் என்று நினைத்துக் கிடந்த அந்தப் பகலும் எனக்கு இல்லாமல் போயிருக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறவன். தசை பற்றி இங்கே சொல்வதெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி ஒரு இளம் டாக்டரைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதும், வீட்டுக்கு வந்தபின் தேடிப் படித்ததும்தான்.

அது மே மாதம். பட்டறை ஆட்களோடு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போயிருந்தோம். கிளியூர் அருவியில் தண்ணீர் பேருக்குத்தான் விழுந்தது, ஆனாலும் வந்ததற்கு இறங்கிப் பார்த்துவிடுவோம் என்று இறங்கினோம். பாதை செங்குத்து. இறங்கும்போது சிரித்துப் பேசிக்கொண்டு போனவர்கள் ஏறும்போது பேச்சையே நிறுத்திவிட்டார்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. வழியில் பரோட்டா. ரூமுக்கு வந்தால் வீட்டுக்கார அம்மா மல்கோவா மாம்பழம் கொடுத்து வைத்திருந்தார். சீசனில் மல்கோவாவை யார் வேண்டாம் என்பார்கள்? அதையும் தின்றுவிட்டுத் தரையில் பாயைப் போட்டுப் படுத்தேன்.

விடிவதற்கு முன்னால் மூத்திரம் முட்டி விழிப்பு வந்தது. எழலாம் என்று காலை மடக்கினால் மடங்கவில்லை. மரத்துப்போயிருக்கும் என்று நினைத்துக் கொஞ்சம் பொறுத்தேன். அப்புறம் கவனித்தால் மரத்துப்போகவே இல்லை. பாயின் கோரை தொடையில் குத்துவது தெரிகிறது, ஃபேன் காற்று படுவது தெரிகிறது. கால் மட்டும் நகரவில்லை. கட்டைவிரல் கொஞ்சம் ஆடியது. கையைத் தூக்கினால் பாதி வரை வந்து விழுந்தது. புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. செல்போன் ஜன்னலோரம் சார்ஜில் கிடந்தது, இரண்டு முழம் தூரம். அந்த இரண்டு முழத்தை அன்று என்னால் கடக்க முடியவில்லை. முதலில் வந்தது பயம்கூட இல்லை, ஒருவிதக் கோபம். அப்புறம்தான் பயம். ஊரில் பக்கவாதத்தில் படுத்த எங்கள் தாத்தா ஞாபகத்துக்கு வந்தார். கல்யாணமாகாதவன், அம்மா அப்பா தம்மம்பட்டியில். சத்தம் போட்டால் தொண்டை நன்றாகவே வேலை செய்தது. ஆனால் மாடி ரூம், ஃபேன் இரைச்சல் வேறு. விடிந்து வாசல் தெளிக்க வந்த வீட்டுக்கார அம்மாவுக்குத்தான் கேட்டது. "என்ன கண்ணு, என்னாச்சு?" என்று ஓடிவந்து, அவரே ஆட்களைக் கூப்பிட்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம்.

தனியாக இருக்கிறவர்களுக்கு இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செல்போனை இரவில் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். குரலால் போன் போடும் வசதியைப் போனிலேயே திறந்து வையுங்கள். எனக்குக் குரல் இருந்தது, கை இல்லை. அதைத் திறந்து வைத்திருந்தால் 108-க்கு நானே சொல்லியிருப்பேன்.

அந்த ஆஸ்பத்திரியில் போனதும் ஊசி குத்தி குளுக்கோஸ் பாட்டிலை மாட்டினார்கள். நம் ஊரில் யாருக்கு என்ன ஆனாலும் முதலில் ஏறுவது அதுதானே, நானும் தெம்பு வரும் என்று நம்பினேன். அட்வான்ஸ் பத்தாயிரம். பக்கவாதமா என்று பார்க்க மூளைக்கு சி.டி. ஸ்கேன், அதில் ஒன்றும் இல்லை. இதற்குள் பாட்டில் பாதி ஏறியிருந்தது. பாதி வரை வந்த கை இப்போது தூக்கவே வரவில்லை. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. முதுகுத்தண்டுக்கு எம்.ஆர்.ஐ. என்றார்கள், அதற்கு ஒன்பதாயிரம். அதிலும் ஒன்றும் இல்லை. கடைசியில் நரம்பு பாதிப்பாக இருக்கலாம், ஊசி போடவேண்டி வரும், லட்சக்கணக்கில் ஆகும், வீட்டில் பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். வீட்டில் பேச யார் இருக்கிறார்கள், அம்மா அப்பா அப்போதுதான் ஆத்தூர் பஸ் ஏறியிருந்தார்கள். கட்டிலில் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டு, நிலத்தை விற்கச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். அழுகை வந்தது, கண்ணைத் துடைக்கக் கை வரவில்லை. லட்சம் என்ற சொல்லைக் கேட்டபிறகுதான் ஜி.எச்.சுக்குக் கொண்டுபோங்கள் என்று நானே கேட்டேன்.

ஜி.எச்.சில் என்னைப் பார்த்தவர் சின்ன வயது டாக்டர். ஸ்கேன் கவரைப் பிரிக்கவே இல்லை. கேள்விகள்தான் கேட்டார். கண்ணிமை பாரமாக இருக்கிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா, வயிறு வலித்ததா, தரையில் படுத்தீர்களா? எதற்கு இதெல்லாம் என்று அப்போது புரியவில்லை. கட்டுவிரியனை நினைத்துத்தான் கேட்டிருக்கிறார். தரையில் தூங்குகிறவரைக் கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலியோ வீக்கமோ இருக்காது, விடியும்போது உடம்பு செயலிழந்து கிடப்பார்கள். ஆனால் அந்த விஷம் பெரும்பாலும் கண்ணிமையில்தான் முதலில் காட்டும், அப்புறம் விழுங்குவதும் பேச்சும் மூச்சும் போகும். எனக்கு இமை சரியாக இருந்தது. அடுத்து, கிள்ளினால் தெரிகிறதா, மூத்திரத்தை அடக்க முடிந்ததா? முதுகுத்தண்டில் கோளாறு என்றால் உணர்ச்சி போகும், மூத்திரம் தடைபடும் அல்லது கட்டுப்பாடு இல்லாமல் போகும். எனக்கு இரண்டும் இல்லை. பக்கவாதம் என்றால் பொதுவாக ஒரு பக்கம்தான் விழும், எனக்கு இரண்டு பக்கமும் சமமாக விழுந்திருந்தது. நரம்பு பாதிப்பில் வருவது பெரும்பாலும் பாதத்தில் தொடங்கி நாள்கணக்கில் மேலே ஏறும், எனக்கோ ஒரே ராத்திரியில் தொடை போய்விட்டு கட்டைவிரல் மிச்சமிருந்தது. கடைசியாக, "நேத்து என்னண்ணா சாப்பிட்டீங்க, ரொம்ப நடந்தீங்களா?" என்று கேட்டார். ஏற்காட்டையும் பரோட்டாவையும் மாம்பழத்தையும் சொன்னேன். சிரித்துவிட்டார். குளுக்கோஸ் பாட்டிலைக் கழற்றச் சொன்னார். இ.சி.ஜி. எடுத்து, ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்க அனுப்பினார். சாதாரணமாக லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கவேண்டியது எனக்கு 1.9 இருந்தது. வெளியே எடுத்தாலும் சில நூறு ரூபாயில் முடிகிற டெஸ்ட் அது.

பொட்டாசியம் குறைந்தால் கால் ஏன் விழவேண்டும்? இதைப் புரிந்துகொள்ளத் தசை எப்படி இழுக்கிறது என்று தெரியவேண்டும். உடம்பில் எலும்போடு சேர்ந்து வேலை செய்யும் தசைகள் அறுநூறுக்கு மேல், உடம்பு எடையில் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம். தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால்தான் முழங்காலை நீட்ட முன்தொடையில் ஒரு கூட்டம், மடக்கப் பின்தொடையில் ஒரு கூட்டம். ஒவ்வொரு தசை இழைக்குள்ளும் ஆக்டின், மயோசின் என்று இரண்டு வகைப் புரத இழைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. மயோசினில் நீட்டிக்கொண்டிருக்கும் தலைகள் ஆக்டினைப் பிடித்து இழுத்து, விட்டு, கொஞ்சம் தள்ளி மறுபடி பிடித்து இழுக்கும், தேர் வடத்தை நூறு பேர் கைமாற்றி இழுக்கிற மாதிரி. இழைகளின் நீளம் மாறுவதில்லை, ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகின்றன, தசை சுருங்குகிறது. இதை 1954-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டு ஒரே நேரத்தில் வெளியிட்டிருக்கிறார்கள். ஒன்றில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, இன்னொன்றில் ஹியூ ஹக்ஸ்லி. இருவருக்கும் சொந்தம் எதுவும் கிடையாது என்று படித்தபோது எனக்கு ஏனோ சிரிப்பு வந்தது. பிடித்ததை விடுவதற்கும் ஏடிபி என்ற எரிபொருள் வேண்டும். செத்தபின் உடம்பு விறைப்பது அது தீர்ந்து, பிடி விடாமல் நின்றுபோவதால்தான்.

இந்த இழுவை தானாகத் தொடங்காது. மூளையிலிருந்து நரம்பு வழியாகச் சேதி வந்து, நரம்பின் நுனியில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் கசிந்து, தசை இழையின் மேல்சவ்வைத் தொடவேண்டும். கட்டுவிரியன் விஷம் அடைப்பது இந்த இடத்தைத்தான். தொட்டதும் சவ்வில் சோடியம் உள்ளே பாய்ந்து ஒரு மின் அலை ஓடும், அந்த அலை உள்ளே சேமித்து வைத்திருக்கும் கால்சியத்தைத் திறந்துவிடும், கால்சியம் வந்தால்தான் மயோசின் தலை ஆக்டினைப் பிடிக்க முடியும். அலை ஓடவேண்டுமானால் சவ்வின் இரண்டு பக்கமும் மின்னழுத்த வித்தியாசம் தயாராக நிற்கவேண்டும். ஓய்விலிருக்கும் தசையில் அது சுமார் 90 மில்லிவோல்ட். அதை நிலைநிறுத்தி வைப்பதில் பெரும்பங்கு பொட்டாசியத்துக்கு. உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் சுமார் 98 சதவீதம் செல்களுக்குள்ளே, அதிலும் பெரும்பகுதி தசைக்குள்ளேதான். ரத்தம் போன்ற வெளித் திரவங்களில் இருப்பது மிச்சம் 2 சதவீதம். அந்த மிச்சத்திலிருந்து கொஞ்சம் தசைக்குள் ஓடினாலே ரத்தத்தில் அளவு சடாரென்று விழுந்துவிடும். என் வகை நோயில் அப்போது சவ்வின் மின்னழுத்தம் நிலை தவறி, சோடியம் போகும் வழிகள் அடைபட்டுவிடும். மூளை சொல்கிறது, நரம்பு கொண்டுவந்து சேர்க்கிறது, தசையிடமிருந்து பதில் இல்லை. என் உடம்பில் பொட்டாசியம் தீர்ந்துபோகவில்லை, இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

இடம் மாற்றியது எது? மலை ஏறும்போது வேலை செய்யும் தசை பொட்டாசியத்தை வெளியே விடும், ஓய்வெடுக்கும்போது திரும்ப உறிஞ்சும். பரோட்டாவும் மாம்பழமும் சேர்ந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும், இன்சுலினும் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும். இதெல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான், எங்கள் ஆட்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே. எனக்கு மட்டும் ஆனதற்குக் காரணம் தைராய்டு. அது அளவுக்கு மேல் சுரந்தால் தசைச் சவ்வில் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்புகள் கூடுதலாக ஓடும். டெஸ்டில், தைராய்டைச் சுரக்கச் சொல்லும் டி.எஸ்.எச். ஹார்மோன் இல்லவே இல்லை என்கிற அளவுக்குக் கீழே, தைராய்டே சுரக்கும் ஹார்மோன் இரண்டும் மேலே. தைராய்டு கோளாறு பெண்களுக்குத்தான் அதிகம், ஆனால் அதனால் இப்படிக் கால் விழுவது பெரும்பாலும் ஆண்களுக்கு, அதிலும் ஆசியாவில் இருபது முதல் நாற்பது வயதுக்குள். யோசித்துப் பார்த்தால் அதற்கு முன்பே அடையாளங்கள் இருந்தன. நன்றாகச் சாப்பிட்டும் பேன்ட் தளர்ந்துகொண்டே வந்தது, வேர்த்துக் கொட்டியது, பேனா பிடிக்கும் கை லேசாக நடுங்கியது, படுத்தால் நெஞ்சு அடித்துக்கொண்டது. சேலத்துக் கோடையில் வேர்க்காதவன் யார் என்று எல்லோரும்தான் சொன்னார்கள். பட்டறையில் ரொம்ப நேரம் தரையில் உட்கார்ந்துவிட்டு எழும்போது சில நாள் தொடை தள்ளாடும், நாலடி நடந்தால் சரியாகிவிடும். உங்களில் யாருக்காவது இந்தக் கூட்டு இருந்தால் ஒரு டி.எஸ்.எச். டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.

குளுக்கோஸ் விஷயம் இப்போது புரிந்திருக்கும். ஏற்கெனவே பொட்டாசியம் விழுந்து கிடக்கிறவனுக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றினால் இன்னும் இன்சுலின் சுரக்கும், மிச்சமிருந்ததும் உள்ளே போகும். அதனால்தான் பாதி தூக்கிய கை முழுசாக விழுந்தது. அந்த ஆஸ்பத்திரி மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஸ்கேன் எடுத்ததற்காக அல்ல, அது நியாயமான சந்தேகம்தான். அத்தனை ஆயிரத்துக்கு முன்னால் அந்தச் சில நூறு ரூபாய் டெஸ்டை எடுக்காததற்காக. திடீரென்று கை கால் விழுந்தால் நீங்களாக எதையும் முடிவு செய்யாதீர்கள், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதும், "பொட்டாசியமும் இ.சி.ஜி.யும் பார்த்துவிட்டீர்களா, ஏற்றுவது குளுக்கோஸா சலைனா?" என்று பணிவாக ஒரு கேள்வி கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

மூச்சு எப்படி தப்பியது என்று கேட்டேன். இந்த நோயில் பெரிய தசைகள், அதாவது இடுப்பு, தொடை, தோள் பக்கம் உள்ளவைதான் முதலில் விழும். மூச்சை இழுக்கும் உதரவிதானமும் முகமும் கண்ணும் பெரும்பாலும் தப்பிவிடும். குடலும் மூத்திரப்பையும் வேறு வகைத் தசை, அவை நம் சொல் கேட்டு நடப்பவை அல்ல, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இதயமும் தசைதான், அது மின்சாரத்தில் ஓடுவது, பொட்டாசியம் கெட்டால் தாளம் தவறலாம். கால் விழுந்ததைவிட உண்மையான ஆபத்து அதுதான் என்றார். அதனால்தான் இ.சி.ஜி. மானிட்டரை மாட்டியே வைத்திருந்தார்கள். மூத்திரம் கறுப்பு டீ நிறத்தில் போகிறதா என்றும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தசை சிதைந்தால் அதிலிருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்குமாம். எனக்கு அப்படி ஆகவில்லை.

பொட்டாசியத்தைச் சலைனில் கலந்து மெதுவாக ஏற்றினார்கள். ஏறும் ரத்தக்குழாய் நெருப்பாக எரிந்தது. வாயால் குடிக்க ஒரு சிரப், அதன் ருசியைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள். சீக்கிரம் ஏற்றி முடித்துவிடுங்கள் என்று அப்பா கெஞ்சினார். வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடும் என்று நர்ஸ் அக்கா அதட்டினார். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தசைக்குள் போன பொட்டாசியம் தானாகவே திரும்பி வெளியே வரும். நாம் ஏற்றியதும் அதுவும் சேர்ந்தால் அளவு எகிறிவிடும். அதனால் மணிக்கொருதரம் மாதிரி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சாயங்காலம் கழுத்து வந்தது, அப்புறம் கை. இரவுக்குள் முழங்கால் மடங்கியது. மறுநாள் காலை கழிவறைக்கு நானே நடந்து போனேன். கூட வந்த அம்மா வெளியே நின்று சத்தமாக அழுதார், உள்ளே எனக்கும் அதே நிலைதான்.

சாதாரணக் களைப்பையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பதற்காக ஒன்று. மலை இறங்கினால் தொடை வலிக்கும். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது, அதில் நுண்ணிய காயங்கள் ஏற்பட்டு ஓரிரு நாளில் வலி உச்சத்துக்கு வரும், தானாக ஆறும். என்னோடு வந்தவர்கள் எல்லோரும் அன்று நொண்டிக்கொண்டுதான் வேலைக்குப் போனார்கள். வலிக்கும், ஆனால் வேலை செய்யும், அது களைப்பு. எனக்கு அதிகம் வலியே இல்லை, பலம்தான் இல்லை. தரையிலிருந்து எழ முடியாதது, படி ஏற முடியாதது, தலை வாரக் கை தூக்க முடியாதது, இவை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய அடையாளங்கள். பொட்டாசியம் விழ தைராய்டு ஒன்றுதான் காரணம் என்றில்லை. விடாத வாந்தி பேதி, மூத்திரம் பிரிய வைக்கும் மாத்திரை, சிறுநீரகக் குழாய்க் கோளாறு, பரம்பரை என்று பல உண்டு. எனவே காலைச் சரிசெய்ததோடு வீட்டுக்கு வந்துவிடாமல், ஏன் விழுந்தது என்பதையும் கண்டுபிடித்துவிட்டு வாருங்கள்.

ஜி.எச்.சில் எனக்குச் செலவு ஒன்றும் இல்லை, போக்குவரத்தும் சாப்பாடும்தான். முதல் இடத்தில் கட்டியது மட்டும் இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம், அதோடு பட்டறையில் இரண்டு வாரச் சம்பளம் போனது. தைராய்டு அடங்கும்வரை ராத்திரி வயிறு முட்டச் சாதமோ பரோட்டாவோ இனிப்போ வேண்டாம், கடுமையாக உழைத்த கையோடு படுக்கவும் வேண்டாம் என்றார்கள். இளநீரும் வாழைப்பழமும் தின்று சரிசெய்துவிடலாம் என்று ஊரில் சொன்னார்கள். அது நடக்காது. தாக்குதல் இல்லாத நாளில் எனக்குப் பொட்டாசியம் சரியாகத்தான் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதை அள்ளித் தின்றால் ஆபத்து வேறு. தைராய்டு கட்டுக்குள் வந்தபிறகு எனக்குக் கால் தள்ளாடுவது நின்றுவிட்டது. தைராய்டை அடக்க கார்பிமசோல் மாத்திரையும், படபடப்புக்கு ப்ரோப்ரனோலாலும் கொடுத்தார்கள். இரண்டாவதை ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லாமல் வாங்கி விழுங்கக்கூடாது. கார்பிமசோல் சாப்பிடுகிறவர்களுக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால், சளிதானே என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாமல், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பார்த்து வெள்ளை அணுக்களை எண்ணிப் பார்க்கவேண்டும். அபூர்வமாகச் சிலருக்கு அந்த மருந்து வெள்ளை அணுக்களை அடியோடு குறைத்துவிடும். வாழப்பாடித் தம்பிக்கும் தைராய்டுதான் என்று நேற்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அவருக்கும் இதைத்தான் முதலில் சொன்னேன்.